ஒட்டிய பாஸ்பேட் எப்போது விலகும்?

தேனி மாவட்டத்தில் மார்க்கையன்கோட்டையைச் சுற்றி முல்லையாற்றுத் தண்ணீரில் இருபோகம் நெல் விளைகிறது. லோயர்கேம்ப்பில் தொடங்கிப் பழனிசெட்டிபட்டி வரை கம்பம் பள்ளத்தாக்கில் இப்படி 14,707 ஏக்கர். ஜூன் மாதம் பெரியாறு அணை திறந்தால் முதல் போகத்துக்கு நாற்று பாவுவார்கள். நட்ட பயிர் தூர் கட்டத் தொடங்கும்போதே குருத்துப்பூச்சியும் இலைச்சுருட்டுப் புழுவும் வந்துவிடும். நெல்லோடு வாழை, தென்னை, பன்னீர் திராட்சை. மேற்கே மலையேறினால் ஏலத்தோட்டம். ஆண்டில் எந்த மாதம் போனாலும் பள்ளத்தாக்கின் ஏதோ ஒரு மூலையில் யாராவது முதுகில் டேங்க்கை மாட்டிக்கொண்டு மருந்து அடித்துக்கொண்டிருப்பார்.

சில நாள் மாலையில் அவருக்குத் தலை கனக்கிறது. பார்வை மங்குகிறது. வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கிறது, வயிற்றைப் பிசைகிறது, தொடையில் சதை தானாகத் துடிக்கிறது. "வெயில்ல நின்னதுல பித்தம் ஏறிருச்சு" என்று வீட்டில் மோர் கரைத்துக் கொடுப்பார்கள். வெயிலாகவும் இருக்கலாம். ஆனால் வெயிலில் வாடியவருக்கு வாய் வறளும், எச்சில் ஊறாது. கண்பாவை ஊசிமுனையாகச் சுருங்காது. இந்தக் குறிகள் சேர்ந்து வந்தால் அவருடைய நரம்பும் தசையும் சந்திக்கும் இடங்களில், ஒரு குறிப்பிட்ட புரதத்தின் ஒரே ஓர் இடத்தில் ஒரு பாஸ்பேட் வந்து ஒட்டியிருக்கக்கூடும். அந்தப் புரதத்தில் 583 அமினோ அமிலங்கள். மாறியது அதில் ஒன்றுதான். ஒட்டிய துணுக்கின் எடை முழுப் புரதத்தின் எடையில் சுமார் ஐந்நூற்றில் ஒரு பங்கு. அதற்கே மூச்சு நின்றுபோகக்கூடும்.

ஏன் இவ்வளவு சிறிய மாற்றம் இவ்வளவு பெரிய கேட்டைச் செய்கிறது என்பது புரிந்தால், மருத்துவமனைக்கு ஓடுவதில் ஏன் ஒரு மணி நேரம்கூட வீணாகக் கூடாது என்பதும், மருந்தடிக்கும் தொழிலாளருக்கு எந்த ரத்தப் பரிசோதனை எப்போது வேண்டும் என்பதும் கூடவே புரிந்துவிடும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மரபணு ஒரு புரதத்தைப் பற்றிச் சொல்வது அமினோ அமிலங்களின் வரிசையை மட்டுமே. 20 வகை அமினோ அமிலங்கள் எந்த ஒழுங்கில் கோக்கப்பட வேண்டும் என்பதோடு அதன் பேச்சு முடிந்துவிடும். கோக்கும்போதும் கோத்து முடித்த பிறகும் உடல் அந்தச் சங்கிலியில் பல இடங்களில் சின்னச் சின்ன வேதித் துணுக்குகளை ஏற்றுகிறது: ஓரிடத்தில் ஆக்சிஜன், ஓரிடத்தில் பாஸ்பேட், ஓரிடத்தில் சர்க்கரை, ஓரிடத்தில் அசிட்டைல். இப்படி நானூறுக்கும் மேற்பட்ட மாற்றங்கள் இதுவரை அறியப்பட்டிருக்கின்றன. புரதம் எப்போது வேலை செய்ய வேண்டும், எங்கே போய்ச் சேர வேண்டும், எப்போது உடைக்கப்பட வேண்டும் என்பதையெல்லாம் இந்தத் துணுக்குகள் தீர்மானிக்கின்றன.

இதில் நம் ஊருக்கு நெருக்கமான கதை ஒன்று உண்டு. 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜன் என்ற புரதத்துக்கு மூன்று இழைகள் முறுக்கிய வடிவத்தை முன்வைத்தார்கள். தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றையும் தாங்குவது அதுதான். அந்த இழைகளில் புரோலின் என்ற அமினோ அமிலம் ஏராளம். அவற்றில் பலவற்றின்மேல் உடல் ஓர் ஆக்சிஜன் அணுவை ஏற்றி வைக்கிறது. அந்த ஆக்சிஜன் இல்லாவிட்டால் மூன்று இழைகளும் நம் உடல் சூட்டிலேயே பிரிந்துவிடும். ஆக்சிஜனை ஏற்றும் நொதி ஓயாமல் வேலை செய்ய வைட்டமின் சி தேவை. பழமும் காயும் இல்லாமல் மாதக்கணக்கில் கடலில் போனவர்களுக்கு ஈறு கரைந்து பல் விழுந்தது இதனால்தான். மரபணுவில் குறை எதுவும் இல்லை. கோத்த வரிசை சரி. மேலே ஏற வேண்டிய ஆக்சிஜன் ஏறவில்லை, அவ்வளவே.

பாஸ்பேட்டின் கதை வேறு மாதிரி. 1955இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் எட்மண்ட் பிஷரும் எட்வின் கிரெப்ஸும், தசையில் சேமித்து வைத்த சர்க்கரையை உடைக்கும் நொதி ஒன்றை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். ஒரே நொதி தூங்கும் நிலையிலும் விழித்த நிலையிலும் கிடைத்தது. வேறுபாட்டைத் தேடிப் போனபோது அது ஒரு பாஸ்பேட் என்று தெரிந்தது. செரின் என்ற அமினோ அமிலத்தின்மேல் அது ஏறினால் நொதி விழிக்கிறது, இறங்கினால் ஓய்கிறது. ஏற்றுவதற்கு ஒரு நொதி, இறக்குவதற்கு வேறொரு நொதி. தசை வேலை செய்யும்போது ஏற்றுகிறவன் கை ஓங்குகிறது, ஓய்ந்தவுடன் இறக்குகிறவன் கை. மனித உடலில் பாஸ்பேட் ஏற்றும் நொதிகள் மட்டும் ஐந்நூறுக்கு மேல் இருக்கின்றன. இன்சுலின் சொல்வது செல்லுக்குள் போய்ச் சேர்வதும், ஒரு செல் இரண்டாகப் பிரிவதும், நினைவு பதிவதும் இந்த ஏற்றமும் இறக்கமும்தான். பிஷருக்கும் கிரெப்ஸுக்கும் 1992இல் நோபல் பரிசு கிடைத்தது.

பாஸ்பேட் ஒட்டுவது உடலுக்குப் புதிதல்ல என்பது இதிலிருந்து தெரிகிறது. நாம் கண் சிமிட்டும் நேரத்துக்குள் கோடிக்கணக்கில் ஒட்டி விலகுகிறது. பூச்சிமருந்து கொண்டுவரும் பாஸ்பேட்டும் ஒரு செரின்மேல்தான் ஒட்டுகிறது. அங்கே எது தப்பாகப் போகிறது?

நரம்பு தசைக்கு 'சுருங்கு' என்று சொல்லும்போது அசிட்டைல்கோலின் என்ற சிறு மூலக்கூறைக் கொட்டுகிறது. அது தசையின் மேலுள்ள ஏற்பிகளில் போய் உட்கார, தசை சுருங்குகிறது. எச்சில் சுரப்பி, வியர்வைச் சுரப்பி, குடல், மூச்சுக்குழல், கண்பாவை, இதயம் எல்லாவற்றுக்கும் இதே மூலக்கூறு செய்தி கொண்டுபோகிறது. வயலில் மடையைத் திறப்பதற்கு ஓர் ஆள் போதும். உரிய நேரத்தில் அடைக்காவிட்டால் பயிர் அழுகிவிடும். நரம்பிலும் கொட்டிய அசிட்டைல்கோலினை உடனே துடைத்தாக வேண்டும். அந்த வேலையைச் செய்யும் நொதியின் பெயர் அசிட்டைல்கோலின்எஸ்டரேஸ். இதுவரை அறிந்த நொதிகளிலேயே மிக வேகமானவற்றில் ஒன்று. ஒரு மூலக்கூறு நொதி விநாடிக்குப் பல ஆயிரம் அசிட்டைல்கோலின்களை உடைக்கிறது.

1991இல் ஜோயல் சஸ்மனும் அவருடைய குழுவினரும் மின்திருக்கை மீன் ஒன்றிலிருந்து எடுத்த இந்த நொதியின் முப்பரிமாண வடிவத்தைக் கண்டார்கள். வேலை நடக்கும் இடம் மேற்பரப்பில் இருக்கவில்லை. குறுகிய ஆழமான பள்ளம் ஒன்றின் அடியில் இருந்தது. மனித நொதியில் அந்தப் பள்ளத்தின் அடியில் இருப்பது 203ஆம் செரின். அதன் ஆக்சிஜன் அணுதான் கத்தி.

அந்தக் கத்தி வெட்டும் விதத்தைக் கவனியுங்கள், இந்தக் கட்டுரையின் மையமே அதுதான். அசிட்டைல்கோலின் பள்ளத்துக்குள் இறங்கியதும் செரின் அதை இரண்டாக உடைக்கிறது. கோலின் துண்டு வெளியே போய்விடும். அசிட்டைல் துண்டு செரின்மேலேயே ஒட்டிக்கொள்ளும். அந்தக் கணத்தில் நொதி செயலற்றது. அதன் கத்தியில் உறை ஏறிவிட்டது. அடுத்து ஒரு தண்ணீர் மூலக்கூறு வந்து அசிட்டைலைக் கழுவி விடுகிறது. செரின் மறுபடி தயார். இந்த ஒட்டலும் கழுவலும் ஒரு மில்லி விநாடிக்குள் முடிந்துவிடுகின்றன. ஆக, இந்தப் புரதம் தன் வேலையைச் செய்வதே தன்மேல் ஒரு துணுக்கை ஏற்றிக்கொண்டு இறக்குவதன் மூலம்தான். அது நின்றுபோவதும் அதே செரினில், அதே வினையால்தான்.

கார்போபியூரான் போன்ற கார்பமேட் வகை மருந்து உள்ளே வந்தால் செரின் அதையும் உடைக்கிறது. அசிட்டைலுக்குப் பதில் கார்பமேட் துணுக்கு ஒட்டுகிறது. தண்ணீர் அதையும் கழுவும், ஆனால் பாதி நொதிகள் விடுபடவே அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். மேற்கு ஆப்பிரிக்காவின் கலபார் அவரையில் உள்ள நஞ்சும் இவ்விதமே செயல்படுகிறது. நோயாளி ஆபத்தான நேரத்தைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் தேறிவிடுவார்.

ஆர்கனோ பாஸ்பேட் மருந்து உள்ளே வந்தால் செரின்மேல் ஏறுவது பாஸ்பேட் துணுக்கு. அதன் நடுவிலுள்ள பாஸ்பரஸ் அணுவைச் சுற்றி அணுக்கள் அடைத்துக்கொண்டு நிற்பதால் தண்ணீர் எளிதில் நெருங்க முடியாது. துணுக்கில் இரண்டு மெத்தில்கள் இருந்தால் பாதி நொதி தானாக விடுபட ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். இரண்டு எத்தில்கள் இருந்தால் முப்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். உடலிலுள்ள பாஸ்பேட் இறக்கும் நொதிகள் இங்கே உதவுவதில்லை. அவை பழகிய பாஸ்பேட் இந்த வடிவில் வருவதில்லை, இந்தக் குறுகிய பள்ளத்துக்குள் அவை நுழையவும் முடியாது. கிரெப்ஸும் பிஷரும் கண்ட பாஸ்பேட்டுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இவ்வளவுதான்: அங்கே இறக்க ஆள் உண்டு, இங்கே இல்லை.

இதைவிட மோசமான ஒன்று பின்னாலேயே நடக்கிறது. ஒட்டிய துணுக்கிலிருந்து ஒரு மெத்திலோ எத்திலோ உதிர்ந்துவிடும். உதிர்ந்த இடத்தில் எதிர்மின்னேற்றம் வந்து, பக்கத்து அமினோ அமிலங்கள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு எந்த மருந்தாலும் அந்த பாஸ்பேட்டை எடுக்க முடியாது. மருத்துவர்கள் இதை நொதி 'முதிர்ந்துபோதல்' என்கிறார்கள். இரண்டு மெத்தில் உள்ள மருந்துகளில் பாதி நொதி முதிர்வதற்குச் சுமார் 3.7 மணி நேரம். இரண்டு எத்தில் உள்ளவற்றில் சுமார் 33 மணி நேரம். தோட்டத்திலிருந்து வீட்டுக்கு வந்து, படுத்துப் பார்த்து, விடிந்ததும் போகலாம் என்று இருந்தால் முதல் வகையில் காலம் கடந்துவிட்டது.

இந்த வேதியியலின் பிறப்பு வயலுக்காகத்தான். ஜெர்மனியில் கெர்ஹார்ட் ஷ்ரேடர் 1936இல் பூச்சிமருந்து தேடியபோது கையில் கிடைத்தது டாபுன். அது போருக்கான நரம்பு நஞ்சாகிவிட்டது. சாரின் அடுத்து வந்தது. அதே குடும்பத்தில் பாரத்தியான் வயலுக்கு வந்தது. அந்தப் பாரத்தியான் 1958இல் கேரளத்தில் என்ன செய்தது என்பதை மலைக்கு இந்தப் பக்கம் உள்ள நாம் மறந்துவிட்டோம். கப்பலில் உணவுப் பொருள்களோடு வந்த பாரத்தியான் கசிந்து மாவில் கலந்தது. சாப்பிட்டவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இந்தியாவில் பூச்சிமருந்துகளுக்கென்று 1968இல் தனிச் சட்டம் வந்ததற்கு அந்தச் சாவுகள் ஒரு முக்கியக் காரணம்.

குளோர்பைரிபாஸ், குயினால்பாஸ் போன்றவற்றில் பாஸ்பரஸோடு சேர்ந்திருப்பது கந்தகம். அந்த நிலையில் அவை செரினை அவ்வளவாகத் தாக்காது. நம் கல்லீரல்தான் கந்தகத்தை எடுத்துவிட்டு ஆக்சிஜனை வைக்கிறது. அப்போதுதான் அது முழு நஞ்சாகிறது. நஞ்சை நீக்கவென்று இருக்கும் உறுப்பே இந்த ஒரு விஷயத்தில் நஞ்சைச் சமைத்துத் தருகிறது. அதனால் சிலருக்குக் குறிகள் தாமதமாகத் தெரியும். மாலத்தியானும் கந்தக வகைதான், ஆனால் அதை வேறோர் இடத்தில் வெட்டிச் செயலிழக்கச் செய்யும் நொதி நம்மிடம் தாராளமாக உண்டு, பூச்சிகளிடம் குறைவு. மாலத்தியான் மனிதருக்கு ஒப்பீட்டளவில் குறைந்த ஆபத்துடையதாக இருப்பது இதனால்தான். மோனோகுரோட்டோபாஸில் ஆக்சிஜன் முன்கூட்டியே இருக்கிறது. கல்லீரலுக்காக அது காத்திருக்க வேண்டியதில்லை.

மோனோகுரோட்டோபாஸ் தண்ணீரில் நன்றாகக் கரையும், செடிக்குள் ஏறும். தென்னையில் கருந்தலைப் புழு வந்தால் வேரைச் சீவி மருந்துப் பையில் முக்கிக் கட்டும் முறையும், வாழையில் தண்டுக் கூன்வண்டுக்கு ஊசியால் மரத்துக்குள் செலுத்தும் முறையும் அந்தக் குணத்தை நம்பி வந்தவை. வேரில் கட்டினால் 45 நாள் காய் பறிக்கக் கூடாது என்பதைத் தென்னந்தோப்புக்காரர்கள் அறிவார்கள். இத்தனை ஆண்டுகள் இத்தனை கைகளில் புழங்கிய அந்த மருந்துக்கு மத்திய அரசு 2023இல் தடை ஆணை வெளியிட்டது. அதற்கு முன்பே டிரையசோபாஸ், போரேட் உள்ளிட்டவை 2020 முடிவோடு நிறுத்தப்பட்டன. இலங்கை மோனோகுரோட்டோபாஸை 1995இலேயே தடை செய்துவிட்டது. அடுத்த பத்தாண்டுகளில் அங்கே நஞ்சால் இறந்தவர்கள் எண்ணிக்கை பெரிதும் குறைந்தது, விளைச்சல் குறையவில்லை. நாம் ஏன் 28 ஆண்டுகள் தாமதித்தோம் என்பதற்கு எனக்கு ஏற்கத்தக்க காரணம் எதுவும் தெரியவில்லை.

மருத்துவமனையில் நடப்பதைப் பார்ப்போம். முதலில் கொடுப்பது அட்ரோபின். அது நொதியைத் தொடுவதே இல்லை. தேங்கிப்போன அசிட்டைல்கோலின் சுரப்பிகளிலும் மூச்சுக்குழலிலும் இதயத்திலும் போய் உட்காரும் ஏற்பிகளை மறைத்து நிற்கிறது. நுரையீரலில் கோத்துக்கொண்டிருந்த நீர் வற்றுகிறது, இதயம் வேகம் பிடிக்கிறது, உயிர் தங்குகிறது. ஆனால் தசைகளிலுள்ள ஏற்பிகள் வேறு வகை. அங்கே அட்ரோபின் பலிக்காது. மூச்சை இழுக்கும் தசைகள் சோர்ந்தால் செயற்கைச் சுவாசக் கருவிதான் கதி. நோயாளி தெளிந்து எழுந்து உட்கார்ந்த பிறகு, ஒன்றிலிருந்து நான்கு நாளுக்குள் திடீரென்று கழுத்தைத் தூக்க முடியாமல் மூச்சுத் தசைகள் தளர்வதும் உண்டு. இந்த இடைக்கட்டத்தை 1987இல் விவரித்து உலகத்துக்குச் சொன்னவர்கள் இலங்கையின் நிமல் சேனநாயக்கவும் லக்ஷ்மன் கரலியத்தவும். 'தேறிவிட்டார், வீட்டுக்குக் கூட்டிப் போகிறோம்' என்று உறவினர்கள் அவசரப்படக் கூடாது என்று மருத்துவர்கள் மன்றாடுவதற்கு அந்த ஆய்வுதான் அடிப்படை.

புரதத்தையே மீட்க ஒரு மருந்து உண்டு: பிராலிடாக்சைம். மருத்துவமனைகளில் சுருக்கமாகப் 'பாம்' என்பார்கள். தண்ணீர் நெருங்க முடியாத இடத்துக்குள் நுழைந்து பாஸ்பேட்டைத் தன்மேல் இழுத்துக்கொண்டு வெளியேறும்படி 1950களில் இர்வின் வில்சன் அதை வடிவமைத்தார். நொதியின் அமைப்பு கண்ணால் காணப்படுவதற்கு 30 ஆண்டுகளுக்கும் மேலான காலத்துக்கு முன்பே, வினையை மட்டும் வைத்து யூகித்துச் செய்த மருந்து அது. வேதியியலின் மிக அழகான சாதனைகளில் ஒன்றாக இதை நான் கருதுகிறேன்.

சோதனைக் குழாயில் அது கச்சிதமாக வேலை செய்கிறது. நோயாளியிடம்? வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1990களில் நடந்த ஆய்வுகளில் அதனால் பயன் தெரியவில்லை. மகாராஷ்டிரத்தின் பாராமதியில் 200 நோயாளிகளிடம் அதிக அளவில் தொடர்ந்து செலுத்திப் பார்த்து 2006இல் வெளியான ஆய்வில் இறப்பு 8 சதவீதத்திலிருந்து 1 சதவீதமாகக் குறைந்தது; அங்கே பெரும்பாலோர் சீக்கிரம் வந்து சேர்ந்தவர்கள். இலங்கையில் 235 நோயாளிகளிடம் நடந்து 2009இல் வெளியான ஆய்வில் உயிர் காத்ததற்கான சான்று கிடைக்கவில்லை. அந்த இலங்கை ஆய்வில் ஒரு செய்தி என்னை வெகுவாக யோசிக்க வைத்தது. இரண்டு எத்தில் உள்ள டைஎத்தில் வகை மருந்தால் பாதிக்கப்பட்ட நோயாளிகளின் ரத்த அணுக்களில் நொதி மீண்டது கண்கூடாகத் தெரிந்தது. பாஸ்பேட் இறங்கியது, ஆயினும் பிழைத்தவர் எண்ணிக்கை கூடவில்லை. உடலில் பூச்சிமருந்து மிதமிஞ்சி இருந்தால் விடுபட்ட செரின்மேல் அடுத்த பாஸ்பேட் ஏறிவிடும். வாயில் புகுந்த பெரும் அளவு வேறு, தோல் வழியே சேர்ந்த சிறு அளவு வேறு என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

முதிர்ந்துபோன நொதிக்கு மீட்சி இல்லை. உடல் புதிதாகச் செய்துதான் ஆக வேண்டும். ரத்தச் சிவப்பணுவின் மேலும் இதே நொதி ஒட்டியிருக்கிறது. சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது, புதுப் புரதம் செய்ய அதனால் முடியாது. அந்த அணு செத்து வேறு அணு வந்தால்தான் புது நொதி. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள், அதாவது நாளுக்கு நூற்றில் ஒரு பங்குக்குக் குறைவாகவே ஈடுகட்டப்படுகிறது. மூன்று மாதத்துக்குள் பத்து முறை மருந்தடிக்கும் ஒருவரின் நிலையை யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நொதி போகிறது. அடுத்த முறைக்குள் இழந்தது முழுதாகத் திரும்பி வராது. குறி எதுவும் தெரியாமலே அளவு இறங்கிக்கொண்டு வரும். பிறகு ஒருநாள், முன்பு பலமுறை அடித்த அதே அளவு மருந்தே அவரைச் சாய்த்துவிடும். 'இத்தனை வருஷம் அடிக்கிறேன், எனக்கு ஒண்ணும் ஆகாது' என்ற நம்பிக்கை இந்தக் கணக்கில் நிற்பதில்லை.

இதை அளக்க முடியும் என்பதுதான் நல்ல செய்தி. ரத்தத்தில் கோலின்எஸ்டரேஸ் அளவைப் பார்க்கும் பரிசோதனை புதியதல்ல. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1974 முதல் இத்தகைய மருந்துகளைத் தொடர்ந்து கையாளும் தொழிலாளர்களுக்கு இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. சிவப்பணு நொதி அவரவருடைய இயல்பளவில் 70 சதவீதமாகவோ அதற்குக் கீழாகவோ இறங்கிவிட்டால், மருந்து தொடாத வேலைக்கு மாற்றிவிட வேண்டும். 80 சதவீதத்துக்கு ஏறும் வரை திரும்பக் கூடாது. இதில் 'அவரவருடைய இயல்பளவு' என்பது முக்கியம். ஆரோக்கியமான இரண்டு பேருக்கு இடையிலேயே இந்த அளவு வெகுவாக மாறுபடும். ஒருவர் தன் நொதியில் மூன்றில் ஒரு பங்கை இழந்த பிறகும் அறிக்கைத் தாளில் 'நார்மல்' என்றே வரலாம். மருந்து தொடாத காலத்தில் ஒருமுறை அளந்து குறித்து வைத்திருந்தால்தான் பின்னால் எடுக்கும் அளவுக்கு அர்த்தம் உண்டு.

கம்பம் பள்ளத்தாக்குக்கு இது எளிதில் பொருந்தக்கூடியது. நெல்லுக்குப் பருவம் தெளிவாக இருக்கிறது: அணை திறக்கும் தேதி ஊருக்கே தெரியும். அதற்கு முன் மே மாதத்தில், மருந்தடிப்பதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை. பருவத்தின் நடுவில் இன்னொன்று. அளந்து பார்க்கத் தேனியில் க.விலக்கில் 2004 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தினமும் ஜீப்பில் குமுளி மலையேறி ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்களுக்குப் பருவ இடைவெளி குறைவு; அவர்களுக்கு இது இன்னும் அவசியம். மருந்தடித்த தோட்டத்தில் மறுநாளே களையெடுக்கவும் காயெடுக்கவும் இறங்கும் பெண்களையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். டேங்க்கைத் தூக்காததால் அவர்களை யாரும் மருந்து தொடுகிறவர்களாக எண்ணுவதில்லை. ஈர இலை கையிலும் முழங்காலிலும் உரசும்போது மருந்து தோல் வழியே ஏறும். வியர்வையும் வெயிலும் அதைக் கூட்டும்.

பூச்சிகளிடமும் இந்தச் செரின் இருக்கிறது, அதைக் குறிவைத்துத்தான் மருந்தே. ஆனால் தலைமுறை தலைமுறையாக அடித்தால் பூச்சி தன் புரதத்தையே மாற்றிக்கொள்கிறது. 2003இல் பிரான்சில் மிலேன் வெய்லும் அவர் குழுவும் கொசுக்களில் கண்டது இது: அந்த நொதியின் 119ஆம் இடத்தில் கிளைசின் இருக்க வேண்டிய இடத்தில் செரின் வந்துவிட்டது; பள்ளத்தின் வடிவம் மாறி மருந்து சரியாகப் பொருந்தாமல் போயிற்று. ஒரே ஓர் அமினோ அமிலம். மனிதருக்குத் தலைமுறை 25 ஆண்டு. கொசுவுக்குச் சில வாரம். இந்தப் போட்டியில் டோஸைக் கூட்டிக்கொண்டே போவதால் முதலில் தோற்கப்போவது டேங்க்கைத் தூக்கியவர்தான். நெல்லில் புகையானுக்கு அளவுமீறி அடித்தால் அதைத் தின்னும் சிலந்திகள் முதலில் சாகின்றன, புகையான் முன்னைவிட வேகமாகத் திரும்பி வருகிறது என்பதும் வேளாண் துறையினர் பல காலமாகச் சொல்லிவருவது.

அடிக்க வேண்டியே வந்தால், சில காரியங்கள் மூலக்கூறு அளவிலேயே பலன் தருபவை. அடைத்த நாசிலை வாயால் ஊதாமல் இருப்பது, மூடியில் மருந்தை அளக்கும்போது கையுறை போடுவது, காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி நடப்பது, முடித்த கையோடு சட்டை லுங்கியைக் கழற்றிவிட்டு சோப்புப் போட்டுக் குளிப்பது. தோலில் தங்கிய மருந்து சில மணி நேரம் உள்ளே ஏறிக்கொண்டே இருக்கும். அதைக் கழுவிவிட்டால் அவ்வளவு செரின் தப்பியது. யாருக்காவது எச்சில் ஊறி, கண்பாவை சுருங்கி, மூச்சு இரைத்தால் உடையைக் கழற்றிக் கழுவி, ஒருக்களித்துப் படுக்க வைத்து 108க்குச் சொல்லுங்கள். வாந்தி எடுக்க வைக்க வேண்டாம்.

போகும்போது மருந்து டப்பாவையோ அதன் அட்டையையோ மறக்காமல் எடுத்துப் போக வேண்டும். அதிலுள்ள முக்கோணத்தின் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை நிறம் நஞ்சின் கடுமையை மட்டும் சொல்லும். மருத்துவருக்கு வேண்டியது கீழே சிறிய எழுத்தில் இருக்கும் வேதிப்பெயர். குளோர்பைரிபாஸ், குயினால்பாஸ் என்றால் டைஎத்தில். நொதி முதிர ஒரு நாளுக்கு மேல் இருக்கிறது, பாம் கொடுத்துப் பார்க்க இடம் உண்டு. பழைய இருப்பில் மோனோகுரோட்டோபாஸ் கிடந்திருந்தால் டைமெத்தில், மணிக்கணக்கில்தான் அவகாசம். கார்பமேட் என்றால் நொதி தானாக மீளும் வரை மூச்சையும் இதயத்தையும் காத்தால் பெரும்பாலும் போதும். சைபர்மெத்ரின் மட்டும் என்றால் அது பைரித்ராய்டு. அது தாக்குவது நரம்பின் சோடியம் வாயில்களை, இந்தச் செரினுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. குளோர்பைரிபாஸும் சைபர்மெத்ரினும் கலந்து விற்கும் டப்பா என்றால் இரண்டையும் பார்க்க வேண்டும்.